ஐந்து சுருள் துவக்கு

1. போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு வேலை வந்தது. கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பனி ஒன்று, வருங்காலத்தில் நடக்கும் கதைக்காக மின்காந்தக் கைத்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தது. வெடிமருந்து கூடாது, சத்தம் வரக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள்.

2. சரி என்று பதில் அனுப்பினேன்.

3. அனுப்பி முடித்ததும் எழுந்துபோய் அறைக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அப்போது பகல் பத்து மணி.

4. வரைய உட்கார்ந்தேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து சுருள்கள், கைப்பிடிக்குள் பட்டரி, மேலே நீளமாக ஒரு குழாய். கை தானாகப் போனது.

5. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே படம் முடிந்துவிட்டது. வழக்கப்படி வலது பக்கக் கீழ் மூலையில் பெயர்ப் பெட்டி போட்டேன். அதற்குள் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை.

இப்படி இலக்கம் போட்டுச் சொல்வது என் பழக்கம். கோயிலுக்குப் போனால்கூட என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசை வைத்துக்கொண்டுதான் போவேன். மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஐயர் திரையைப் போட்டுவிடுவார். ஆனால் மனதில் கிடப்பதெல்லாம் வரிசையில் வருவதில்லை. அன்றைக்கு முதலில் வந்தது ஒரு வாசனை.

யட்டியாந்தோட்டை பசாரில், டயர் ஒட்டும் கடைக்கு மேலே உள்ள அறையில்தான் கணினியில் படம் வரையும் வேலை செய்கிறேன். கீழே ரப்பரைச் சூடாக்கி ஒட்டு வைக்கும்போது அந்த வாசனை படியேறி வந்துவிடும். வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அது அம்மாவின் வாசனை. எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், புகையறையில்தான் அம்மாவுக்கு வேலை. உறையவைத்து மெஷினில் தட்டிய ரப்பர் பால், வெள்ளை ஷீட்டுகளாக வரும். அவற்றை மூங்கில் கம்புகளில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட வேண்டும். கீழே ரப்பர் விறகு புகைந்துகொண்டே இருக்கும். நான்கைந்து நாளில் ஷீட்டெல்லாம் தேன் நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் புகை அம்மாவின் தலைமுடியில், சேலையில், வரிசைவீடான லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் தலையணைகளில் எல்லாம் இருந்தது. என் பள்ளிக்கூடச் சட்டையிலும் இருந்தது. அதனால் வகுப்பில் பக்கத்து மேசைக்காரி ஜன்னலோரமாக நகர்ந்து உட்காருவாள்.

அந்த வகுப்பு சிங்கள வகுப்பு. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். எனக்கு மெஷின் வேண்டும், வயர் வேண்டும், அளவுகோல் வேண்டும். பிடிவாதம் பிடித்து, டவுனில் இருந்த சிங்களப் பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தேன். அதனால் என் தலைக்குள் ஒரு விசித்திரமான பிரிவினை வந்துவிட்டது. சோறு, அழுகை, சண்டை, சாமி எல்லாம் தமிழில். மின்சாரம் மட்டும் சிங்களத்தில். சுருளை ‘தங்கரய’ என்றுதான் தெரியும். மின்னைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கொட்டும் பொருளுக்கு ‘தாரித்ரகய’. அதற்குத் தமிழில் கொள்ளளவி என்று பெயர் இருப்பதை இருபத்திரண்டு வயதில்தான் அறிந்தேன். யாரோ என் சொந்தக்காரரை எனக்கே அறிமுகப்படுத்தியதுபோல வெட்கமாக இருந்தது.

படம் வரையக் கற்றுத்தந்த மிஸ் ஒரு விஷயத்தில் கடுமையானவர். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூலையில் பெயர்ப் பெட்டி இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். என்ன பொருள், யார் வரைந்தது, யாருக்காக, என்ன அளவு. நான்கும் இருக்க வேண்டும். நான் உப்புமா செய்யும் முறையை எழுதினாலும் பெட்டி போடும் அளவுக்கு அது எனக்கு ஊறிப்போயிருந்தது.

இனி அண்ணனைச் சொல்ல வேண்டும். வசந்தன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை. அங்கே பகலில் துணி அளந்துகொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றில் கதை எழுதிக்கொண்டிருந்தான். நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு சித்திரை வருஷப்பிறப்புக்கு லீவில் வந்தபோது கொப்பியையும் கொண்டுவந்தான். காதல் கதையாக இருக்கும் என்று நினைத்துப் பிடுங்கினேன். இல்லை. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு நடக்கும் கதை. களனி கங்கை ஆகாயத்துக்கு ஏறிவிட்டது. அதன் கரையில் மிதக்கும் மலைகள். மலைகளில் நிற்கும் மரங்களை வெட்டினால் பாலுக்குப் பதிலாக வெளிச்சம் வடியும். விடியுமுன் எழுந்து, வாளி தூக்கிப்போய் வெளிச்சம் சேர்க்கிற பெண்கள். அவர்களில் ஒருத்தி சுடர். அவள்தான் கதாநாயகி.

நான் நான்கு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“வானத்துலயும் லயமாண்ணே?”

“பின்ன? நம்மள எங்க கொண்டுபோனாலும் பத்துக் காம்பரா லயந்தான் கட்டிக் குடுப்பானுங்க.”

“ஆயிரம் வருஷம் கழிச்சுமா?”

“அப்ப கூரைத் தகரம் மாத்தியிருப்பானுங்க.”

அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இங்கே எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு வரவில்லை.

சுடரைப் பிடிக்க ஆட்கள் வருகிற இடத்தில் கதை நின்றிருந்தது. அவளுக்கு ஒரு துவக்கு தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்குத் துவக்கு என்றுதான் சொல்வோம். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

“நீதானே கரண்டு படிக்கிற. எப்பிடி வேலை செய்யும்னு சொல்லு. சும்மா டுமீல்னு எழுதினா ஒருத்தனும் நம்பமாட்டான்.”

ஒருவர் வந்து என் படிப்பைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் மிதந்துபோனேன். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகும், இரும்பை இழுக்கும், வரிசையாகச் சுருள்களை வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து முன்னே தள்ளும் என்று விளக்கினேன். மூன்று சுருள் போதும் என்றேன். ஐந்து வேண்டும், ஐந்துதான் பார்க்க அழகு என்றான். ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு ஐந்துக்கு ஒத்துக்கொண்டேன்.

“ஆனா ஒரு குறை இருக்கணும்ணே. குறையில்லாத மெஷின் கிடையாது.”

அவன் வாசலில் உட்கார்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் கானைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“சுடச்சுட காந்தம் கூடிக்கிட்டே போவுது. ஒரு தடவ சுட்டா பக்கத்துல இருக்கிற ஊசி, கத்தி எல்லாம் அவ பக்கம் திரும்பும். ரெண்டாவதுக்கு நகர ஆரம்பிக்கும். மூணாவதுக்கு லயத்துக் கூரை ஆணியெல்லாம் கழண்டு அவ மேலயே வந்து எறங்கும்.”

நான் நிமிர்ந்து எங்கள் கூரை ஆணிகளைப் பார்த்தேன். அதனால் சுடர் இரண்டு தடவைக்கு மேல் சுடமாட்டாள் என்று கதையில் வைத்தான். கடைசியில் மூன்றாவது தடவை சுடுகிறாளா இல்லையா என்பதுதான் முடிவு. அதை எழுதிவிட்டுத்தான் காட்டுவேன் என்றான்.

நான் படத்தை வரைந்தேன். ஸ்டோரில் வேண்டாமென்று வீசியெறிந்த பெரிய தாளின் பின்பக்கம். மூன்று நாள் எடுத்தது. வீட்டில் தமிழில் பேசிப்பேசி வரைந்தாலும் பாகங்களின் பெயர்களைச் சிங்களத்தில்தான் எழுதினேன். வேறு மொழியில் எனக்கு அவை வராது. ஓரத்தில் குணங்களையும் சிங்களத்திலேயே இலக்கமிட்டேன்: சத்தம் இல்லை, புகை இல்லை, வெடிமருந்து தேவையில்லை. குறையை எழுத இடம் போதவில்லை. அதுதான் கதையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பிறகு பெயர்ப் பெட்டி, அதுவும் சிங்களத்தில். பொருள்: மின்காந்தக் கைத்துவக்கு. வரைந்தவர்: என் பெயர். யாருக்காக: சி. வசந்தன். அளவு: ஒன்றுக்கு ஒன்று. சுடரின் பெயரைத்தான் போட நினைத்தேன். கற்பனை ஆளைப் பெட்டியில் போடுவது முறையில்லை என்று தோன்றியது.

அண்ணனுக்கு அதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசை. ஆற்றங்கரைக் களிமண்ணில் அச்சு செய்து, அதில் ரப்பர் பாலை ஊற்றி, ஒரு சொட்டு அசிட் விட்டு உறையவைத்தோம். வெளுத்த மீன் மாதிரி ஒன்று வந்தது. பழுதான மோட்டரில் அவிழ்த்த செம்புக் கம்பியை அதன்மேல் ஐந்து இடத்தில் சுற்றினேன். நிறம் வர வேண்டுமே. அம்மாவிடம் கெஞ்சினோம்.

“ஏண்டி, தொர பாத்தா என்னா சொல்லுவாரு?”

“ஷீட்டுக்கு நடுவுல தொங்கவிடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?”

அம்மா அதைப் புகையறையின் கடைசி வரிசையில், இரண்டு ஷீட்டுகளுக்கு இடையில் தொங்கவிட்டார்.

அந்த வாரம்தான், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டுகள் வெடித்தன. கடைகளை மூடிவிட்டார்கள். அண்ணன் திரும்பிப் போகவில்லை. ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பசாரில் வழக்கமாகத் தம்பி என்ற உரிமையோடு ‘மல்லி’ என்று கூப்பிடும் சிங்களக் கடைக்காரர்கள் அண்ணனைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். லயத்தில் வயதுவந்த பையன்கள் எல்லாரும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பல் விளக்கினார்கள். இதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒவ்வொருவராகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ரப்பர்த் துவக்கை எல்லாரும் மறந்துவிட்டோம். புகையறையில் அது நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகுமுன் இரண்டு பொலிஸ் ஜீப் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்தைச் சோதித்தார்கள். அரிசிப் பானை, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாம் பார்த்தார்கள். பிறகு ஸ்டோருக்குப் போனார்கள். நாங்கள் எல்லாரும் ஸ்டோர் முற்றத்தில் நின்றோம். பெரிய அதிகாரி புகையறைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவருடைய இரண்டு விரல்களில் அது தொங்கியது. தேன் நிறம் தாண்டிக் கறுப்பாகியிருந்தது. இருபதடி தூரத்தில் அது உண்மையான துவக்கு. பெண்கள் கூட்டத்தில் யாரோ “ஐயோ சாமி” என்றார்கள்.

அவர் அதை அமுக்கினார். வளைந்தது. விட்டார். ஆடியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடன் வந்தவர்களும் சிரித்தார்கள். யாருடையது இந்த விளையாட்டுச் சாமான் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் முன்னால் வந்து, என்னுடையது சேர், கதைக்காகச் செய்தது என்றான். அவன் கடைச் சிங்களம் தடுமாறியது. உதவிக்கு நான் போனேன். ஒரு கதை எழுதுகிறோம் என்று தெளிவாகச் சொன்னேன். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, தங்கச்சி என்ற உரிமையில் ‘நங்கி’ என்றார்.

“நங்கிட சிங்களம் நல்லா இருக்கே. எங்க படிக்கிறீங்க?”

இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கிறேன். அவர் துவக்கை அண்ணன் கையில் கொடுக்க நீட்டிவிட்டார். மழை பலக்கத் தொடங்கியிருந்தது. ஜீப்புக்கு எஞ்சின் போட்டாகிவிட்டது. நான் பேசாமல் நின்றிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். ஆனால் எனக்குப் பெருமையாகிவிட்டது. எதையும் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது.

“சேர், இதுக்கு முழுப் படமும் இருக்கு. கொண்டாறேன்.”

அண்ணன் என் சட்டைக் கையைப் பிடித்தான். “வேணாம் பாப்பா,” என்று தமிழில், உதடு அசையாமல் சொன்னான். நான் உதறிக்கொண்டு ஓடினேன். படத்தையும் கொப்பியையும் கொண்டுவந்தேன்.

அதிகாரி படத்தை ஜீப்பின் மூக்கில் விரித்தார். ஒரு பொலிஸ்காரர் குடை பிடித்தார். என் எழுத்து மணிமணியாக இருக்கும். எந்த இடத்திலும் தடுமாறாமல் வாசித்தார். “சத்தம் இல்லை.” கொஞ்சம் பொறுத்து, “புகை இல்லை.” பிறகு, “வெடிமருந்து தேவையில்லை.” சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கிட்ட வந்து பார்த்தார்கள். அளவு ஒன்றுக்கு ஒன்று என்பதை விரலால் தொட்டார். அதே விரல் மேலே நகர்ந்து ‘யாருக்காக’ என்ற இடத்தில் நின்றது.

“இது வேலை செய்யுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் அது சரியான விடை இல்லையே.

“இப்ப இருக்கிற பட்டரியால முடியாது சேர்.”

“அப்ப எந்த பட்டரியால முடியும்?”

நான் வாயைத் திறந்தேன். பின்னால் இருந்து அம்மா, “வாய மூடுடி!” என்று கத்தினார். அம்மா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அந்தக் கத்தலும் அவர்களுக்குத் தப்பாகத்தான் பட்டது.

கொப்பியை நீட்டினேன். எல்லாம் இதில் இருக்கிறது, வானத்தில் ஆறு ஓடும், மரத்தில் வெளிச்சம் வடியும் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் பக்கங்களைத் திருப்பினார். முதலில் இருந்து கடைசிவரை தமிழ். ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. துவக்கு இருந்த தாள் அவர் மொழியில் இருந்தது. அது பொய் என்று சொல்லும் கதை எங்கள் மொழியில் இருந்தது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மொழிபெயர்ப்பு எழுத்தில் வரட்டும் என்றார். நங்கி பயப்பட வேண்டாம், நீங்கள் சின்னப் பிள்ளை, அண்ணன் சொன்னதைத்தானே வரைந்திருக்கிறீர்கள் என்றார். இதை அன்பாகத்தான் சொன்னார்.

அண்ணனை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அவன் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறினான். ஏறிய பிறகு குனிந்து அதிகாரியிடம் ஏதோ சொன்னான். கொப்பி நனைகிறது, உள்ளே வையுங்கள் சேர் என்று.

திரும்பி வர ஐந்து மாதமாகியது. உடம்பில் பாதி இல்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று பல நாள் அவன் முன்னாலேயே போய் நின்றிருக்கிறேன். “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்பான். அம்மாவைப் புகையறையில் இருந்து புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கத் தண்ணிப் பீலிக்குப் போனால், “துவக்குக்காரி வர்றா, வழி விடுங்கடி,” என்று பெண்கள் வழிவிடுவார்கள். முதல் ஒரு வருஷம் அது கேலியாக இருக்கவில்லை.

வழக்கும் போடவில்லை, கோப்பை மூடவும் இல்லை. கொப்பி மொழிபெயர்ப்புக்குப் போயிருக்கிறது என்பார்கள். மாதக் கடைசி ஞாயிறு அண்ணன் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டு வேலை இரண்டு தடவை சரிவந்தது. கோப்பு திறந்திருப்பதால் பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்கவில்லை. நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று ஒரு தடவை போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“சந்தேகநபர்ட தங்கச்சி எழுதினா அது எப்பிடி நங்கி செல்லும்?”

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நேற்று மாதக் கடைசி ஞாயிறு. கையெழுத்து வைத்துவிட்டு அண்ணன் வழக்கம்போல இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். திரையை அணைக்க மறந்திருந்தேன். அவன் நின்றபடியே பார்த்தான். கீழே டயர்க்கடையில் சூட்டுப்பலகை சீறியது. ரப்பர் வாசனை படியேறி வந்தது.

“அஞ்சாவது சுருள் கொஞ்சம் தள்ளி இருக்கு,” என்றான்.

சரிதான். தள்ளித்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் சுருளை நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

“சுடர் மூணாவது தடவ சுட்டாளாண்ணே?”

ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். நூலைச் சிக்கெடுத்து, சுருட்டி, மேசையில் வைத்தான்.

“ஞாபகமில்ல பாப்பா. எழுதி முடிச்சேன். அது ஞாபகம் இருக்கு.”

புகையறை இப்போது இல்லை. ரப்பர் மரங்களைப் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பொல் என்னும் எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். அதன் முள்ளுக்குப் பயந்து யாரும் அந்த மலைக்குள் நடப்பதில்லை. அம்மாவின் தலைமுடியில் புகை வாசனை இல்லை. என் துவக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை தடவையும் வரைவேன், ஒரு கோடு தப்பாது. கதையில் எனக்கு நினைவிருப்பது நான்கு பக்கமும் அந்தக் குறையும்தான். எழுதியவனுக்கு அதுவும் இல்லை.

இன்று காலை படத்தை அனுப்பினேன். பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அண்ணன் அடுத்த மாதக் கடைசி ஞாயிறும் போக வேண்டும். கொப்பி இன்னும் அவர்களிடம் இருக்கிறது. அதை இதுவரை யாரும் வாசிக்கவில்லை.